கண்ணாடியை ஏற்றச் சொன்னவன்

காரில் ஏறி உட்கார்ந்ததும் நான் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். "கண்ணாடிய ஏத்திடுப்பா."

ஓட்டுநர் ஒரு நொடி தயங்குவார். காரைக்கால்மேட்டில் பிறந்து, முப்பது வயது வரை படகில் போய்க்கொண்டிருந்தவர் அவர். தோளில் அடிபட்டு வலை இழுக்க முடியாமல் போனபின், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். நாங்கள் போய்வந்த காலத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏசி நமக்கு ஒத்துக்காது சார். கடக்காத்துலயே கெடந்த ஒடம்பு. எம் பக்கம் மட்டும் ரெண்டு வெரக்கட தெறந்து வச்சுக்கிறேனே."

"வேண்டாம்பா. தூசி வருது."

தூசி எதுவும் வரவில்லை. ஊர் எல்லையைத் தாண்டும் வரை என் முகம் யார் கண்ணிலும் படக்கூடாது, அவ்வளவுதான். அவர் கண்ணாடியை ஏற்றிவிடுவார். எல்லையைத் தாண்டிய பிறகும் நான் இறக்கச் சொன்னதில்லை. பின் சீட்டுப் பக்கத்துக் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் திரை ஒன்று நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை இழுத்துவிட்டுக்கொண்டு இருமத் தொடங்குவேன். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்துக்கு முக்கால் மணி நேரம். திரும்பிவர முக்கால் மணி நேரம். நான்கு மாதத்தில் பன்னிரண்டு முறை போய்வந்தோம். பதினெட்டு மணி நேரம் அந்த மனிதர் என் மூச்சை மூச்சாக இழுத்திருக்கிறார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். மரபணுவின் இரட்டை முறுக்கை நான்கு நிற சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்து, நான்கே எழுத்துகள்தான், அவை மாறி மாறி நிற்கும் வரிசையில்தான் புல்லும் யானையும் கிருமியும் அடங்கியிருக்கின்றன என்று வருடாவருடம் சொன்னவன். காசநோய்க் கிருமி காற்றில் பரவும் என்பதும், காற்று போய்வர வழியில்லாத இடத்தில் அது மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அறுபத்தொன்பதாவது வயதில் எனக்கு அது வந்தது. மாலையானால் காய்ச்சல், விடிகாலையில் தலையணை நனைகிற வேர்வை, தொளதொளத்துப்போன சட்டை. என்ன நோய் என்று டாக்டர் சொல்லும் முன்பே நான் ஊகித்திருந்தேன். எங்கள் ஊர் அரசு மருத்துவமனை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். சளிப் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். நான் போகவில்லை. அங்கே சீட்டு எழுதுகிறவர் என் மாணவர், ஊசி போடுகிறவர் என் மாணவி. சளி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் வரிசையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது குப்பத்துக்காரர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் குடிகாரர்களுக்கும் வருகிற நோய் என்று உள்ளூர நம்பியிருந்தேன். மேடையில் அப்படிப் பேசியதில்லை. உள்ளூர நம்பியிருந்தேன். வீட்டில் கல்யாணப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அரை மணி நேரம் எந்தப் பக்கம் போனாலும் வேறு மாநிலம், வேறு அலுவலகம், வேறு பதிவேடு. ஒளிய நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டாம். நாகப்பட்டினத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். முகவரியாக, மறைந்த என் மனைவியின் அக்காள் அங்கே குடியிருந்த வீட்டை எழுதிக் கொடுத்தேன். அக்காளும் காலமாகி அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தொலைபேசி எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினேன். டாக்டர் நல்லவர். "இத நாங்க கவர்மெண்டுக்குத் தெரிவிச்சாகணும் சார். அவங்க ஆளு வீட்டுக்கே வந்து பாத்துக்குவாங்க" என்றார். தாராளமாகத் தெரிவியுங்கள் என்றேன். சுகாதாரப் பணியாளர் ஒருவர் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனதாகப் பின்னால் தெரிந்தது. அந்த ஊர்ப் பதிவேட்டில் நான் காணாமல் போன நோயாளி. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் நான் நோயாளியே இல்லை.

வாஞ்சூரைத் தாண்டும்போது சாலையோரத்து மதுக்கடைகளில் காலையிலேயே கூட்டம் நிற்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் மலிவு சரக்குக்காக எல்லை தாண்டி வந்திருப்பார்கள். ஒருநாள் ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரு ஒலகமே பார்டர் தாண்டி இந்தப் பக்கம் தண்ணி போட வருது. நம்ம சார் ஒருத்தருதான் அந்தப் பக்கம் மாத்திர போடப் போறாரு."

நானும் சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்து, நாகூர் வரும் வரை நிற்கவில்லை.

அவரிடம் நெஞ்சு வலிக்கு வைத்தியம் என்றுதான் சொல்லியிருந்தேன். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, மருந்துப் பையை சீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். வீட்டு வாசலில் எடுத்துக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்க சித்தப்பாவுக்கும் இந்தச் செவப்பு மாத்திரதான் சார் குடுத்தாங்க."

பையை வாங்கிக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லிடாதப்பா" என்றேன்.

"நா ஏன் சார் சொல்லப்போறேன்?"

"சத்தியமா?"

அவர் ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்தார். "சோறு போடுற வண்டி. இதும் மேல அடிச்சு சொல்றேன். எம் பொண்டாட்டிக்கிட்டகூட மூச்சு விட மாட்டேன். போதுமா?"

அன்றைக்காவது கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லியிருக்கலாம். மறைக்க வேண்டியவரிடமே மறைவு போய்விட்டது. ஆனால் அடுத்த முறையும் ஏறி உட்கார்ந்ததும் அதையேதான் சொன்னேன்.

நான் எழுதக் கூசுவது இதற்கடுத்து வருவதைத்தான். வீட்டில் என் அறையின் மூன்று ஜன்னல்களையும் இரவு பகலாகத் திறந்தே வைத்திருந்தேன். கொசு கடித்தாலும் மூடவில்லை. பேரன் மடியில் ஏற வந்தால் அதட்டி விரட்டினேன். மருமகளிடம் அல்சர் என்று சொல்லி, அறைக்குள்ளேயே தனியாகச் சாப்பிட்டேன். அவர்களுக்கு ஒட்டிவிடக்கூடாது என்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது, செய்தேன். வீட்டில் யாருக்கும் வரவில்லை. காரில் ஏறியதும் அந்த அறிவு எங்கே போயிற்று என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் போகவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரை நான் ஓர் ஆளாக நினைக்கவில்லை.

மாத்திரைகள் ஓர் அட்டையில் தனித்தனியாக வரும். ஒன்று கண்ணை மங்கச் செய்தது போலிருந்தது, அதை நிறுத்தினேன். ஒன்று மூட்டில் வலியும் குமட்டலும் தந்தது, அதையும் நிறுத்தினேன். சிவப்பு மாத்திரையும் துணைக்கு ஒன்றும் மிஞ்சின. சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், குளியலறை வெள்ளை டைல்ஸில் கறை பிடிக்கும். விருந்தாளி வந்து தங்கிய நாட்களில் அதையும் தொடவில்லை. டாக்டர் கேட்டபோதெல்லாம், எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றேன். நான்காவது மாதம் எடை ஏறியது, காய்ச்சல் நின்றது. பிறகு நான் நாகப்பட்டினம் போகவில்லை. கொஞ்சம் இருமல் மட்டும் மிச்சமிருந்தது. வயதானவனுக்கு இருமல் இல்லாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மருந்தால் பாதி செத்து, மீதி பிழைக்கிற கிருமிகள் அந்த மருந்தையே தாங்கிக்கொள்ளப் பழகும் என்று நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில், வெளியூர் போக வண்டி சொல்லியிருந்தபோது, ஓட்டுநர் போன் செய்தார். "சார், ரெண்டு வாரமா காச்சலா இருக்கு. வேற வண்டி சொல்லிவிடட்டுமா?" பேச்சுக்கு நடுவில் இருமினார். அந்த இருமலை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அரசு மருத்துவமனையில் சளியை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் விடை சொல்கிற கருவி. காசநோய்தான், முக்கியமான மருந்து வேலை செய்யும் என்று அது சொன்னது. அந்த முக்கியமான மருந்துதான் சிவப்பு மாத்திரை. வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் பெண் டாக்டர், வீட்டிலோ கூடப் பழகியவர்களிலோ யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் ஓட்டுநர்.

ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காரைக்கால்மேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி மீன் விற்கிறவர். ஏலத்தில் மீன் எடுத்து அன்னக்கூடையில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாகக் கொண்டுபோவார். அவரை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டாங்க சார். நா ஒண்ணும் சொல்லல. நீங்க பயப்படாதீங்க."

நான் அவரைப் பார்க்கப் போனதே அந்த ஒரு வரியைக் கேட்பதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. மனசு லேசாகிவிட்டது. அன்று மதியம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவர் ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை. அப்படியும் இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி குறையவே இல்லை. மாத்திரை கொடுக்க வந்த பணியாளர் சந்தேகப்பட்டு, "மாத்திரைய கடல்ல வீசிட்டு சாராயம் குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அந்த ஆள் காலடியில் கவிழ்த்தாராம். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், ஒன்று விடாமல். "எண்ணிக்கங்க. எம் புருசன் சாராயத்த வுட்டு எட்டு வருசம் ஆவுது. கடல்ல வீசுனா மீனு தின்னுருக்கும், அட்டை எப்படி எங்கிட்ட இருக்கும்?"

டின்னைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் டாக்டரிடமே போனார். டாக்டர் நம்பினார். ஆள் ஏமாற்றவில்லை, மருந்துதான் கைவிடுகிறது என்று புரிந்துகொண்டு, சளியைச் சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்து, அதன் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பதற்கு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் அவர் எடை கரைந்துகொண்டே போனது. எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் போய், "இந்த மருந்தை நான் அரைகுறையாகச் சாப்பிட்டு நிறுத்தியவன், இவர் காரில்தான் போய்வந்தேன்" என்று சொன்னால் போதும். டாக்டர் ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். வாசல் வரை இரண்டு முறை போனேன். உள்ளே சீட்டு எழுதுகிற என் மாணவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிரஷர் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பங்குனி மாதம் ஒரு காலையில் ஓட்டுநரின் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த காகிதம்.

"சார், டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. எம் மண்டையில ஏறல. ஜீனோமுங்கறாங்க, எழுத்துங்கறாங்க. நீங்க இதத்தான பாடம் எடுத்தீங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்களேன்."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மாத்திரைக்கு நேராக, வேலை செய்யாது என்று இருந்தது. துணை மாத்திரைக்கும் அப்படியே. நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். வேறென்ன செய்ய?

"ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் நாப்பத்து நாலு லட்சம் எழுத்து வரிசையா இருக்கும்மா. மருந்து ஒரு எடத்துல போய் ஒட்டித்தான் அதக் கொல்லும். அந்த எடத்துல ஒரு எழுத்து மாறிப்போனா மருந்து ஒட்டாது."

"அப்ப மொதல்லயே அந்த மிஷினு ஏன் கண்டுபுடிக்கல?"

"அது அவசரத்துக்குப் பாக்குறது. வழக்கமா எழுத்து மாறுற ஒரு சின்னத் துண்ட மட்டும், எம்பது எழுத்தத்தான், படிக்கும். இதுல மாத்தம் அந்தத் துண்டுக்கு வெளியில இருக்கு. முழுசாப் படிச்சதாலதான் தெரிஞ்சுது."

"சரி. இவருக்கு ஏன் மாறுச்சு? இவருதான் மாத்திரைய வுடலயே."

நான் காகிதத்தைத் திருப்பி மடித்தேன். அவரே சொன்னார்.

"டாக்டரம்மா சொன்னாங்க. எவனோ ஒருத்தன் மாத்திரைய அரகொறையாத் தின்னுட்டு வுட்டுருக்கான். அவங்கிட்ட மாறி, அங்கேருந்து இவருக்கு வந்துருக்குன்னு. குப்பம் பூராவும் வீடு வீடா சளி எடுத்துட்டாங்க சார். ஒருத்தருக்கும் இல்ல. அந்தாளு யாருன்னு அந்த எழுத்து சொல்லுமா?"

"அந்தாளோட சளியும் கெடைச்சா சொல்லும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

"கெடைக்கட்டும்." வாசல் படியில் கையை ஓங்கி ஊன்றினார். "அவன் வாயி வெந்து போவ. வூட்டுல வெளக்கேத்த ஆளில்லாம போவ. எம் புருசன் எலும்பும் தோலுமாக் கெடக்குறாரு, அவன் எங்கயோ நல்லா சோறு தின்னுட்டு ஒக்காந்துருப்பான், இல்ல சார்?"

"ஆமாம்மா" என்றேன். எனக்கு இருமல் வந்தது. மருமகள் அவருக்குக் காபி கொண்டுவந்தாள். "நீங்களும் ஒடம்பப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் குடித்தார்.

அடுத்த நாளே போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் ஓட்டுநருக்குப் புதிய மருந்துகளைத் தொடங்கி, பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் டாக்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய வீட்டு முகவரியைச் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை மூடினார்.

"எத்தனை நாளா இருமுறீங்க?"

"நிக்கவே இல்லம்மா."

அவர் திட்டவில்லை. எழுந்துபோய் அறையின் ஜன்னலைத் திறந்தார். பிறகு ஒரு சளி டப்பாவை என் முன் வைத்தார். என் மாணவர்கள் பார்க்க அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வாரங்கள் கழித்து விடை வந்தது. என் கிருமிக்கும் அவர் கிருமிக்கும் நாற்பத்து நான்கு லட்சம் எழுத்துகளில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சிவப்பு மாத்திரையை முறியடித்த மாற்றம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. அப்போதுதான் டாக்டர் பேசினார்.

"மொத நாளே நீங்க சொல்லியிருந்தா நான் அந்த மெஷின் ரிசல்ட்ட மட்டும் நம்பி உக்காந்திருக்க மாட்டேன் சார். நாலு மாசம். அதுக்குள்ள அவரோட எடது நுரையீரல் போயிடுச்சு."

நோயாளியைப் பற்றி வெளியில் சொல்ல டாக்டருக்கு அனுமதி இல்லை, அதனால் ஓட்டுநர் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியவில்லை. என் குடும்பத்தார் சளியையும் எடுத்தார்கள், எவருக்கும் இல்லை. மகன் அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறான்.

என் சளியில் கிருமி இல்லையென்று ஆனபின் ஓட்டுநரைப் பார்க்க அனுமதித்தார்கள். ஜன்னல் ஓரக் கட்டில். நான் வருவதைப் பார்த்துக் கண்ணால் ஜன்னலைக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், இங்க கண்ணாடியே இல்ல. காத்து நல்லா வருது. இழுக்கத்தான் முடியல."

கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இது என்னிடமிருந்துதான் வந்தது என்று சொன்னேன். எழுத்து ஒத்துப்போனதைச் சொன்னேன்.

"அதுக்கு சென்னை வரைக்குமா போவணும்? எனக்கு அப்பயே தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏம்பா கண்ணாடிய எறக்கல?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீங்க ஏத்தச் சொன்னீங்க."

நான் அழுதேன். அவர் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது, "அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க சார். அவ வாய உங்களால தாங்க முடியாது" என்றார். சிரிக்க முயன்று இருமினார்.

புதிய மருந்துகள் வேலை செய்தன. கிருமி குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அது தின்றதைத் திருப்பித்தர மருந்தால் முடியாது. ஆடி மாதம் ஒரு விடிகாலையில் ரத்தமாக இருமி, டாக்டர் ஓடி வருவதற்குள் இறந்துபோனார். அதே மாத்திரைகளை நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதம் மரத்துப்போனதைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எடை ஏறியது. ஒரே கிருமி, ஒரே மருந்து. நான் வாய் திறக்காததால் அவர் இழந்த நான்கு மாதம்தான் வித்தியாசம்.

கருமாதி முடிந்து அவர் மனைவி மீண்டும் மீன் எடுக்கப் போனார். ஏலத்தில் மற்ற பெண்கள் அவர் பக்கத்தில் நிற்காமல் ஒதுங்கினார்கள். தெருவில் வாடிக்கைக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. அது மருந்துக்கு அடங்காத நோய், அந்த வீட்டிலேயே பிறந்தது, பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று பேச்சு. அவர்களைப் பரிசோதித்து இல்லையென்று சொல்லியாகிவிட்டது. யார் கேட்கிறார்கள்? கொண்டுபோன மீன் அப்படியே திரும்பி வந்தது. நான்காவது நாளும் அப்படியே என்று மருமகள் சொன்னபோது, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

அவர் வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். தலை நிமிராமல் கேட்டார்.

"எத்தன தடவ போனீங்க?"

"பன்னண்டு தடவ."

"கண்ணாடிய ஏத்தச் சொன்னது?"

"நான்தான்."

"அன்னைக்கு உங்க வூட்டுப் படியில ஒக்காந்து நா சாபம் வுட்டேனே, நீங்கதான் ஆமாம்மான்னீங்க."

"ஆமா."

"காபி வேற குடுத்தீங்க."

கழுவிய தண்ணீரை என் காலருகே கொட்டினார். கூடையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்ட வராதீங்க. அத வச்சுக்கிட்டு நா என்ன பண்றது? காலைல ஏலத்துக்கு வாங்க. அங்க வந்து சொல்லுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, படகுகள் வந்து மீனைக் கொட்டியிருந்த மணலில் போய் நின்றேன். மத்தியும் கிழங்கானும் குவிந்து கிடந்தன. ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாற்பது ஐம்பது பெண்கள். ஓட்டுநரின் மனைவி மட்டும் தனியாக, ஒரு கூடை இடம் விட்டு நின்றார். அறுபது மாணவர்களுக்குக் கேட்கும்படி பேசிய குரல் எனக்கு வெளியே வரவில்லை. ஏலக்காரர் நிறுத்திவிட்டு, "என்னங்கய்யா வேணும்?" என்றார்.

சொன்னேன். இவர் கணவருக்கு வந்த நோய் இவர் வீட்டில் பிறந்ததில்லை, என்னிடமிருந்து போனது. நான் அதை மறைத்தேன், மாத்திரையைப் பாதியில் விட்டேன், அவர் காரின் கண்ணாடியை ஏற்றச் சொல்லி உள்ளே இருமினேன். அவர் எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. இவருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் இல்லை.

கூட்டத்தில் ஒரு கிழவி வெற்றிலையைத் துப்பினாள். "ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன வாத்தியாரு. இத சொல்ல இம்புட்டு நாளாச்சா?"

"மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே. இன்னும் இருக்கா?"

"மருந்து சாப்பிடுறேன். இப்ப ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அந்த மனுசங்கிட்டயும் ஏதாவது சொல்லித்தான ஏறி ஒக்காந்துருப்ப."

தூசி என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, உதட்டுக்குள் சொன்னேனா, தெரியவில்லை. யாரோ ஒரு பெண் அழுதாள். வேறொருத்தி கையில் மணலை அள்ளினாள், வீசவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன்.

"போதும் சார்" என்றார் ஓட்டுநரின் மனைவி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒதுங்கி நில்லுங்க. ஏலம் நிக்கிது."

ஒதுங்கினேன். ஏலக்காரர் விட்ட இடத்திலிருந்து மறுபடி கூறத் தொடங்கினார். கிழங்கான் குவியலை ஓட்டுநரின் மனைவிதான் எடுத்தார். கூடையில் அள்ளிப் போட்டு முடித்ததும், வெற்றிலை துப்பிய கிழவி நகர்ந்து வந்து அந்தப் பக்கத்து விளிம்பைப் பிடித்து, அவர் தலையில் ஏற்றிவிட்டாள்.